சிரட்டை, டம்ளர், அரக்குக் கிண்ணம்

ஜப்பானில் இரண்டு ஆண்டு ஆய்வை முடித்துவிட்டுத் திரும்பிய தோழர் ஒருவர் எனக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து தந்தார். இஷிகாவா மாகாணத்தில் யாமானகா என்ற ஊரில் கடைந்தது. கெயாக்கி மரம். மேலே உருஷி என்னும் மரப்பால் பூச்சு. கறுப்புமில்லை, பழுப்புமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் விரல் சுடாது. ஜப்பானியர்கள் இதைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைப்பதில்லை, தினமும் காலையில் இதில்தான் சூப் குடிக்கிறார்கள் என்றார் தோழர்.

விடுமுறைக்குத் தூத்துக்குடி போனபோது அதையும் எடுத்துப் போனேன். ஆச்சிக்கு அதில் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிரட்டையிலயா தார? எனக்கு டம்ளர்ல தா பிள்ள."

நான் விளக்க முயன்றேன். இது தேங்காய்ச் சிரட்டை இல்லை ஆச்சி, விலை கூடின சாமான், ஜப்பான்காரன் கையால் செய்தது. அவர் காதில் எதுவும் ஏறவில்லை. எழுந்து போய்த் தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதன் விளிம்பில் அவர் பெயர் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும்.

ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தும் மிளகாய் பறித்தும் வளர்ந்தவர் ஆச்சி. அவர் சிறுவயதில் டீக்கடைக்கு வெளியே மரக்கிளையில் சிரட்டைகள் செருகியிருக்குமாம். நம் ஆட்கள் ஆளுக்கொன்றை எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்ததும் மறுபடி கழுவி அதே கிளையில் செருக வேண்டும். பிறகு தனி டம்ளர் வந்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், அதாவது இன்றைய குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தன் நான்காவது பிரிவில் உணவகங்களில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஒரு குடியரசு தன் சட்டத்தில் டம்ளரைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்பதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள் தோழர்களே. அதன் பிறகும் பல ஊர்களில் அது ஒழியவில்லை. பிளாஸ்டிக் கப்பும் பேப்பர் கப்பும் வந்தபோது அதையே தந்திரமாக்கினார்கள். உள்ளே உட்கார்ந்தவருக்குக் கண்ணாடி கிளாஸ், நம்மவருக்குத் 'தூக்கிப் போடுகிற கப்'. கேட்டால் சுகாதாரம் என்பார்கள்.

தாத்தாவோடு துறைமுகப் பக்கம் குடிவந்த பிறகு, முதல் கூலி மிச்சத்தில் ஆச்சி வாங்கியது ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர். பெயர் வெட்டுகிறவரை வீட்டுக்கே அழைத்து வெட்டச் சொன்னாராம். படிக்கத் தெரியாதவருக்குத் தன் பெயர் எப்படி இருக்கும் என்று அந்த டம்ளர் வழியாகத்தான் தெரியும். 1995 ஆகஸ்ட் 31 அன்று எங்கள் மாவட்டத்துக் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீட்டுச் சாமான்களை அடித்து நொறுக்கியதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆச்சி முதலில் சொல்வது பாத்திரங்களைத்தான். ஒடுக்கப்பட்டவர் வீட்டில் நல்ல பாத்திரம் இருப்பதே சிலருக்குப் பொறுக்க முடியாத காட்சி என்பது அவருக்குப் புத்தகம் படிக்காமலே தெரிந்த சமூகவியல்.

ஆகவே, கையால் செய்த பொருள், உள்ளூர் மரம், இயற்கைக்குத் திரும்புவோம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஆச்சியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. நகரத்துக் காபிக் கடைகளில் பாலிஷ் போட்ட சிரட்டைக் கிண்ணத்தில் பழக்கூழ் பரிமாறுகிறார்கள். படம் எடுத்துப் போடுகிறார்கள். சிரட்டை கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு அகப்பையே சிரட்டைதான். ஆனால் ஒரே பொருள் ஒருவருக்கு அழகாகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் அழகை மட்டும் விற்றால் அது பாதி உண்மைதான்.

இந்த அழகியலுக்கு உலக அளவில் ஒரு தத்துவ ஆசிரியர் உண்டு. யானாகி சோயெட்சு. பெயரில்லாத சாதாரணக் கைவினைஞன் சாதாரண மக்களின் அன்றாடப் பயன்பாட்டுக்காகச் செய்யும் பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று வாதிட்டவர். 1925-இல் தன் நண்பர்களோடு சேர்ந்து அதற்கு 'மிங்கேய்' என்று பெயர் வைத்தார். மக்கள் கலை என்று சொல்லலாம். கொரியாவில் ஜப்பானிய ஆதிக்கம் பழைய கட்டடங்களை இடிக்க முற்பட்டபோது எதிர்த்து எழுதியவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. டோக்கியோவில் அவருடைய மக்கள் கலை அருங்காட்சியகம் திறந்த ஆண்டு 1936.

அதே 1936-இல்தான் புரட்சியாளர் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' அச்சில் வந்தது. லாகூரில் பேச அழைத்தவர்களே அந்தக் கூட்டத்தை ரத்து செய்ததால், தன் செலவில் அச்சிட்டார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்று அதில் நிறுவினார். யானாகி பெயரில்லாத கைவினைஞனைப் போற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பெயருக்குப் பதிலாகச் சாதி மட்டுமே இருந்த கைவினைஞனைப் பற்றி அம்பேத்கர் எழுதிக்கொண்டிருந்தார். யானாகிக்குப் பெயரின்மை ஒரு விடுதலை. 'நான்' என்ற அகங்காரம் இல்லாத கை. நம் ஊரில் கைவினைஞன் பெயரில்லாமல் இருப்பது அகங்காரம் அழிந்ததால் அல்ல. அவனைக் கூப்பிடச் சாதிப் பெயரே போதும் என்று ஊர் முடிவு செய்துவிட்டதால்.

ஜப்பானைச் சொர்க்கமாக்கவும் நான் தயாரில்லை. என் கிண்ணத்தைக் கடைந்தவர்களின் முன்னோர்களுக்குக் கிஜிஷி என்று பெயர். மலைக்காட்டில் மரத்துக்கு மரம் அலைந்து, தீர்ந்ததும் அடுத்த மலைக்குப் போனவர்கள். வயலும் ஊரும் உள்ளவர்கள் அவர்களை வெளியாட்களாகவே பார்த்தார்கள். அவர்களும் தங்களை ஒன்பதாம் நூற்றாண்டு இளவரசர் கோரெதாகாவின் வழிவந்தவர்கள் என்று சொல்லும் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டார்கள். (ராஜ வம்சக் கதை இல்லாத சாதிச் சங்கம் நம் பக்கம் ஏதாவது உண்டா?) கடைசல் எந்திரத்தின் கயிற்றைப் பெரும்பாலும் மனைவி இழுக்க, கணவன் உளி பிடித்தான். அருங்காட்சியகத்தில் உளியின் தடம்தான் தெரியும், கயிறு இழுத்த கை தெரியாது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்படி வந்து தங்கியவர்களால்தான் யாமானகாவின் கடைசல் தொழில் தொடங்கியது.

தோல் வேலையும் இறைச்சி வேலையும் செய்த புராக்கு மக்களின் கதை இன்னும் கொடியது. 1871-இல் சட்டப்படி விடுதலை அறிவித்தாகிவிட்டது. 1922-இல் கியோட்டோவில் அவர்களே சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அப்படியும் 1975-இல், புராக்கு குடியிருப்புகளின் முகவரிப் பட்டியல் ஒன்று நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்கப்பட்டது வெளியே வந்தது. வேலைக்கு விண்ணப்பித்தவர் எந்தத் தெருக்காரர் என்று சரிபார்க்க.

'எந்தத் தெரு?' தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

சரி, நம் பக்கம் மரக்கிண்ணம் ஏன் சாப்பாட்டுத் தட்டுக்கு வரவில்லை? மரத்துக்குப் பஞ்சமா? எங்கள் கடற்கரையில் பூவரசும் புன்னையும் தானாக நிற்கின்றன. இதே இரண்டு மரங்களை ஹவாய் தீவுகளில் மிலோ, கமானி என்கிறார்கள். அங்கே உணவுக் கிண்ணம் குடைவதற்குப் பேர்போன மரங்களில் இவை இரண்டும் உண்டு. நாம் அவற்றைப் படகுக்கும் வண்டிக்கும் போட்டோம். அடுக்களையில் உப்புக்கு மரவை வைத்தோம், நெல் அளக்க மரக்கால் செய்தோம். வாய்க்கு மட்டும் கொண்டு போகவில்லை.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் பாத்திரங்களைச் சுத்திகரிக்கும் சட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. உலோகத்துக்குச் சாம்பலும் தண்ணீரும் போதும். மண்பாண்டத்தை மறுபடி சுட வேண்டும். மரத்துக்குத் தீட்டுப் பட்டால் மேற்பரப்பைச் செதுக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு எச்சிலுக்கும் இழைத்துக்கொண்டிருந்தால் கிண்ணம் எத்தனை நாள் மிஞ்சும்? அதே நூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர் உடைந்த பாத்திரத்தில்தான் உண்ண வேண்டும் என்கிறது. தீட்டை உறிஞ்சிக்கொள்ளும் பொருள், உறிஞ்சாத பொருள் என்று பாத்திரங்களுக்கே வருணம் பிரித்த சமூகம் இது. உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதை நாகரிகம் என்று பழக்கிய இடத்தில், உதட்டில் வைத்துக் குடிப்பதற்காகவே விளிம்பு மெலிதாகக் கடைந்த கிண்ணம் எங்கிருந்து வரும்?

இது மட்டுமே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. வாழை இலை இருந்தது, வெண்கலம் இருந்தது. முக்கியமாக, நம் அரக்கு வேறு, அவர்கள் உருஷி வேறு. உருஷி ஒரு மரத்தின் பால். பட்டையைக் கீறி எடுக்கிறார்கள். ஒரு மரம் பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த பிறகு தருவது மொத்தம் 200 கிராம் அளவுதான். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்பளிக்கும். வெயிலில் காயாது. ஈரக்காற்றில்தான் இறுகும். இறுகிவிட்டால் சுடுதண்ணீரும் உப்பும் புளிப்பும் ஒன்றும் செய்யாது. நம் அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடி மக்கள் புரசு, இலந்தை, கூசம் மரங்களில் வளர்த்துக் கிளையிலிருந்து சுரண்டி எடுப்பது. சூடு பட்டால் இளகிவிடும். இளகுவதுதான் அதன் குணமும் அழகும்.

அந்த அழகை அம்பாசமுத்திரத்தில் பார்க்கலாம். தாமிரபரணிக் கரையில் சொப்புச் சாமான் செய்யும் ஊர். சுழலும் மரத்துண்டின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படர்கிறது. தூரிகை கிடையாது. சென்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்து மினுக்குவார்கள். எங்கள் கடற்கரையில் வேலியாக நிற்கிற அதே தாழை. முன்பு மஞ்சள் கடம்பு மரம் கிடைத்தது. இப்போது தைலமரம், ரப்பர் மரம் என்று எது வருகிறதோ அது. அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, குடம், அடுப்பு எல்லாம் விரல் உயரத்தில் பனையோலைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஒரு முழு அடுக்களையையே மரத்தில் கடையத் தெரிந்த கைகள் அவை. குழந்தை பொய்ச்சோறு ஆக்க மட்டும்.

ஆய்வுக்காக அங்கே ஒரு பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஒருவர் பொறுமையாக எல்லாம் காட்டினார். உளியை என் கையில் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, "தூத்துக்குடின்னா எந்தத் தெரு தாயி?" என்றார். சொன்னேன். உளியைக் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு நிமிடம் என் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம். அவரைக் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. எண்ணிக்கைக்குக் கூலி. கடையில் விற்கும் விலையில் அவருக்கு வருவது எவ்வளவு என்று அவர் சொன்னதும் நான் குறித்துக்கொள்ளவே தயங்கினேன். மகன் சென்னைப் பக்கம் செல்போன் தொழிற்சாலையில் வேலை. "அவன் இங்க வரமாட்டான். வரவும் வேண்டாம்" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டு, கலை அழிகிறதே என்று கண்ணீர் விடும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. எனக்கு அந்தக் கண்ணீர் வரவில்லை. மகன் தப்பித்தான் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை மதிக்காத கலைப் பாதுகாப்பு யாருக்கு?

ஒன்றிய அரசு யாருக்கென்று தெளிவாகவே சொல்லிவிட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம். 13,000 கோடி ரூபாய், 18 தொழில்கள். தச்சர், படகு கட்டுபவர், மீன்வலை பின்னுபவர், பொம்மை செய்பவர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், துணி வெளுப்பவர் எல்லாம் அதில் உண்டு. எங்கள் கடற்கரையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை அப்படியே பொருந்தும் பட்டியல். விண்ணப்பிக்க 18 வயது போதும். செய்யும் தொழில் குடும்பப் பாரம்பரியத் தொழிலாக இருக்க வேண்டும். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்கு ஒரு லட்சம் கடன். பெயரில் விஸ்வகர்மா, கொள்கையில் குரு-சீட பரம்பரை. 1953-இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று கொண்டுவந்ததைக் குலக்கல்வி என்று பெயர் சூட்டி விரட்டியது இந்த மண். அடுத்த ஆண்டே அவர் பதவி விலக வேண்டியிருந்தது. இம்முறை அதே சரக்கு வட்டி மானியத்தோடு வருகிறது.

குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கச் சொல்லியும், குறைந்தபட்ச வயதை 35 ஆக்கச் சொல்லியும் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில் மாநில அரசே கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 50,000. குடும்பம் கேட்பதில்லை. இது சரியான அடி, தயக்கமில்லாமல் ஆதரிக்கிறேன். ஆனால் நிபந்தனையை நீக்கினால் மட்டும் கதவு திறந்துவிடுமா? மரக்கடைசல் கற்க விரும்பும் ஒரு அருந்ததியர் வீட்டுப் பெண்ணோ, ஒரு பரதவர் வீட்டுப் பையனோ எங்கே போய்க் கற்பது? ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்குத்தான் கடன். தொழில் இன்னும் பட்டறைக்குள், குடும்பத்துக்குள், 'எந்தத் தெரு' என்ற கேள்விக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இங்கேதான். அழகியலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வாஜிமாவில் 1967-இலும் யாமானகாவில் 1997-இலும் இஷிகாவா மாகாண அரசு பயிற்சி நிலையங்களை நிறுவியது. கிஜிஷி வம்சத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்துத் தேர்வானால் யாரும் சேரலாம். 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் வாஜிமா நொறுங்கியபோது, அந்த வித்தை சில குடும்பங்களின் சொத்தாக மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

நமக்கு இதற்கு முன்மாதிரி தேடி அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஐ.டி.ஐ-யில் டர்னர் என்று ஒரு பிரிவு உண்டு. லேத்தில் இரும்பு கடையக் கற்றுத் தருகிறார்கள். இட ஒதுக்கீடு உண்டு, சான்றிதழ் உண்டு, சேருகிறவரின் தாத்தா என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. இரும்பைக் கடைந்தால் தொழிற்கல்வி, மரத்தைக் கடைந்தால் பாரம்பரியமா? அம்பாசமுத்திரத்துப் பெரியவர்களைச் சம்பளத்தோடு ஆசிரியர்களாக நியமித்து மரக்கடைசலையும் அரக்கு வேலையையும் அதே ஐ.டி.ஐ-க்குள் கொண்டுவரலாம். அவர்கள் அறிவுக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் கிடைக்கட்டும். பாராட்டுப் பத்திரம் வேண்டாம்.

முத்துக்குளித்துறை என்று எங்கள் ஊருக்குப் பெயர். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. மூச்சடக்கி இறங்கிய பரதவர் பெயரும் முஸ்லிம் குளிகாரர் பெயரும் எந்த மாலையிலும் இல்லை. சங்கெடுத்தவர் இங்கே, அதை வளையலாக அறுத்தவரும் அணிந்தவரும் வங்கத்தில். ஊருக்கு முத்துநகர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. சொப்புச் சாமானுக்கும் அப்படியொரு பெயர்ப்பலகை மிஞ்சினால் போதும் என்று நினைப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

என் சித்தப்பா மகன் ஐ.டி.ஐ-யில் டர்னர் படித்தவன். துறைமுகச் சாலையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வயது 27, ஆகவே மாநிலத் திட்டமும் அவனுக்குக் கிடையாது. என் ஜப்பான் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா பெரிய வேலையா" என்றான். அடுத்த ஞாயிறு, வெட்டிப் போட்டிருந்த பூவரசுத் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டி டம்ளர் அளவில் ஒன்று கடைந்தான். அம்பாசமுத்திரத்தில் நான் வாங்கிவந்த அரக்குக் குச்சியைச் சுழலும்போதே அழுத்தினான். சிவப்பு ஏறியது. உண்மையிலேயே அழகாக இருந்தது. டீயை ஊற்றிக் குடித்தவன் உதட்டைத் துடைத்தபடி நிமிர்ந்தான். அரக்கு இளகி ஒட்டிக்கொண்டது. ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார்.

அரக்கு வெளியே மட்டும், உள்ளே புன்னை எண்ணெயா வேறு ஏதாவதா என்று அவன் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான். புன்னை எண்ணெய் வாய்க்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். அடியில் தன் பெயரை வெட்ட வேண்டுமாம். ஆச்சியின் டம்ளரில் இருப்பதைப் போலவே, புள்ளி புள்ளியாக.